ஸ்டாட்டிக் புரோகிராமில் பிரிண்டர் லைப்ரரியை ஏற்றுவது: காத்தான்குடி, கல்முனைக் கடைகளில் சரிவந்த வழி

காத்தான்குடி, கல்முனைப் புடைவைக்கடைகளில் பில் போடும் கணினிகள் உபுண்டு 18.04, 22.04 என்று கலந்து கிடக்கும். எல்லாவற்றிலும் ஒரே ஃபைல் ஓடட்டும் என்று பில் புரோகிராமை ஸ்டாட்டிக்காக, அதாவது தேவையான லைப்ரரிகளை எல்லாம் ஒரே ஃபைலுக்குள் சேர்த்து, லிங்க் பண்ணியிருந்தோம். பிரிண்டர் டிரைவரோ எஸ்ஓ ஃபைலாக (.so, ஓடும்போது ஏற்றப்படும் லைப்ரரி) மட்டும்தான் கிடைத்தது, சோர்ஸ் இல்லை.

ஸ்டாட்டிக் லிங்கில் டிஎல்ஓப்பன் (dlopen, ஓடும்போது எஸ்ஓ ஃபைலை ஏற்றும் ஃபங்ஷன்) இருந்தால் லிங்கரே எச்சரிக்கும்: லிங்க் பண்ணிய அதே ஜி-லிப்சி (glibc, உபுண்டுவின் அடிப்படை சி லைப்ரரி) பதிப்பின் லைப்ரரிகள் ஓடும் கணினியிலும் வேண்டும். 22.04இல் இருப்பது 2.35, 18.04இல் இருப்பது 2.27. பதிப்பு பொருந்தினாலும் டிரைவர் இன்னொரு லிப்சியைக் கூடவே இழுத்து வரும். ஒரே புரொசெஸுக்குள் மெமரி ஒதுக்கும் மாலொக் இரண்டு! டிரைவர் ஒதுக்கித் தந்த மெமரியை மெமரியை விடுவிக்கும் எங்கள் பக்கத்து ஃப்ரீயிடம் கொடுத்தால் 'இன்வாலிட் பாயிண்டர்' என்று சொல்லிப் புரோகிராம் விழும். மஸ்ல் (musl) என்ற இன்னொரு சி லைப்ரரிக்கு மாறியும் பயனில்லை, அதன் ஸ்டாட்டிக் டிஎல்ஓப்பன் எப்போதும் வெற்று (NULL) பாயிண்டர்தான் தரும். ஜி-லிப்சிக்காரரும் 2.27இலேயே இந்த வசதியை நீக்கப்போவதாக அறிவித்துவிட்டார்கள். இதோடு மல்லுக்கட்டுவது வீண் என்பதே எங்கள் முடிவு.

அதனால் டிரைவரை வெளியே எடுத்தோம். பில் புரோகிராம் மஸ்லில் ஸ்டாட்டிக்காகவே இருக்கிறது. டிஎல்ஓப்பன் செய்வது தனியான ஒரு சின்ன டைனமிக் புரோகிராம். இரண்டுக்கும் நடுவில் ஒரு பைப், அதாவது ஒன்று எழுதுவதை மற்றது படிக்கும் குழாய். முதல் 4 பைட் நீளம், பிறகு தரவு. சின்னதைக் கட்டாயம் 18.04 கண்டெய்னரில் (18.04 சூழலைத் தனியாகத் தரும் பெட்டி) கட்ட, அதாவது கம்பைல் பண்ண, வேண்டும். 22.04இல் கட்டினால் பழைய கணினியில் 'ஜிலிப்சி 2.34 இல்லை' என்று தொடங்கவே மறுக்கும், ஏனென்றால் மெயினைத் தொடங்கிவைக்கும் ஃபங்ஷனின் சிம்பல் பதிப்பே 2.34இல் மாறிவிட்டது. ஆப்ஜ்டம்ப் கருவியைப் பெரிய டீயோடு (objdump -T) ஓட்டினால் எந்தப் பதிப்புகள் தேவை என்பது தெரியும்.

நீளமான பில்தான் காலை வாரும். தமிழ் எழுத்தைப் படமாக அனுப்புகிறோம்: 80 மிமீ பிரிண்டரில் ஒரு வரிக்கு 576 புள்ளி, அதாவது 72 பைட். லினக்ஸ் பைப் கொள்வது 65,536 பைட், ஏறக்குறைய 910 வரி. மில்லிமீட்டருக்கு 8 புள்ளி என்பதால் 11 சென்டிமீட்டரைத் தாண்டிய பில்லில் பைப் நிரம்பிவிடும். பிரிண்டர் மெதுவாக இழுக்கும்போது பைப்பில் எழுதும் ரைட் ஃபங்ஷன் அங்கேயே காத்து நிற்க, காசாளரின் திரை உறைந்துபோகும். பைப்பில் எழுதுவதைத் தனி திரெட்டுக்கு (புரோகிராமுக்குள் இணையாக ஓடும் வேலை) மாற்றினால் திரை தப்பும்.

படிக்க ஆளில்லாத பைப்பில் எழுதும்போது வரும் சிக்பைப் (SIGPIPE) சிக்னலையும் மறக்காமல் இக்னோர் பண்ணுங்கள். இல்லாவிட்டால் டிரைவர் விழும்போது பில் புரோகிராமும் சேர்ந்து விழும். இக்னோர் பண்ணினால் ரைட் ஈபைப் (EPIPE) பிழையோடு திரும்பும். சின்ன புரோகிராமை மறுபடி தொடக்கி, அதே பில்லை முதல் வரியிலிருந்து அனுப்பலாம்.