உறுதியாகச் சொல்லும் சாட்சி

கொலை வழக்கில் தண்டனை பெற்றவர்களுக்காக மேல்முறையீட்டில் வாதாடும் வழக்கறிஞர் நான். வழக்குக் கட்டு கைக்கு வந்ததும் நான் தீர்ப்பைப் படிக்க மாட்டேன். அதை முதலில் படித்தால் அமர்வு நீதிபதி நடந்த வழியிலேயே நாமும் நடந்துவிடுவோம். முதலில் புகார். அப்புறம் முதல் தகவல் அறிக்கை, அது நடுவரிடம் போய்ச் சேர்ந்த நேரம், பார்வை மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்துக் காவல்துறை எழுதும் குறிப்பு), அந்த இடத்தின் மாதிரி வரைபடம். தீர்ப்பு கடைசியில்தான். நேரில் பார்த்த ஒரே சாட்சியை வைத்துத் தண்டனை கொடுத்த வழக்கென்றால் இந்த வரிசையை மாற்றவே மாட்டேன்.

அப்படி ஒரு வழக்கு. இரவில், தெருவில் வெட்டு. பார்த்தவர் இறந்தவரின் தம்பி. "அடையாளம் தெரியாத இரண்டு பேர், மறுபடி பார்த்தால் அடையாளம் காட்டுவேன்" என்பதுதான் அவருடைய புகார். உயரம், நிறம், வயது, மீசை எதுவும் அதில் இல்லை. சில வாரங்கள் கழித்துச் சிறையில் நடந்த அடையாள அணிவகுப்பில், பலரை வரிசையில் நிறுத்தியிருக்க, இருவரையும் காட்டினார். கூண்டில் ஏறியபோது, முதல் எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களில் முதல்வரின், புருவத்தில் இருந்த தழும்பை அன்றிரவே பார்த்ததாகச் சொன்னார். தழும்பு இருப்பது உண்மை. ஆனால் புகாரிலும் இல்லை, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 161-வது பிரிவின்படி காவல்துறையிடம் கொடுத்த வாக்குமூலத்திலும் இல்லை.

குறுக்கு விசாரணை எப்படிப் போயிருக்கும் என்று இந்தத் தொழிலில் இருக்கும் யாரும் சொல்லிவிடலாம். "நான் பொய் சாட்சியம் அளிக்கிறேன் என்றால் சரியல்ல" என்ற வரியில் அது முடிந்திருந்தது. என்னைக் கேட்டால் அந்தக் கேள்வியே வீண். அண்ணனை வெட்டியவனைத் தப்பவிட்டு வேறு யாரையோ உள்ளே தள்ள அந்த மனிதருக்கு என்ன காரணம் இருக்க முடியும்? அவர் நம்பியதைத்தான் சொன்னார். பொய்யைப் பிடிக்கக் குறுக்கு விசாரணை நல்ல கருவி. உண்மையாகவே நம்பித் தவறாகச் சொல்பவரிடம் அது வேலை செய்யாது. அவர் தடுமாற மாட்டார், வியர்க்க மாட்டார், முன்னுக்குப் பின் முரண்பட மாட்டார்.

நினைவு சேர்வது அப்படி. அரிவாள் வீசப்படும்போது கண் அரிவாள் மேல்தான் போகும். முகம் அரைகுறையாகத்தான் பதியும். அணிவகுப்பிலோ ஒரு முகத்தை வெளிச்சத்தில், நிதானமாக, அருகில் நின்று பார்க்கிறார். அதற்குப் பிறகு அந்த இரவை நினைக்கும்போதெல்லாம் இந்த முகம்தான் வந்து நிற்கும். "சரியான ஆளைத்தான் காட்டினீர்கள்" என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், சாட்சியின் உறுதி ஏறுவதோடு, அன்று நன்றாகவே பார்த்தோம் என்ற எண்ணமும் கூடிவிடும் என்பதை உளவியல் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தழும்பு எப்போது நினைவில் நுழைந்தது என்று அந்தத் தம்பிக்கே தெரிந்திருக்காது.

அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில் 1984-ல் வன்கொடுமைக்கு ஆளான ஒரு பெண், குற்றவாளியின் முகத்தை மறக்கக் கூடாது என்று அந்த நேரத்திலேயே முயன்று மனதில் பதித்துக்கொண்டார். அப்படியும் அவர் காட்டியது வேறு ஆளை. உண்மைக் குற்றவாளியைப் பின்னர் நீதிமன்றத்தில் நேரில் காட்டியபோது, இவரைப் பார்த்ததே இல்லை என்றார். நிரபராதியை 1995-ல் டி.என்.ஏ. சோதனைதான் வெளியே கொண்டுவந்தது.

இங்கிலாந்தில் டர்ன்புல் வழக்கில் 1976-லேயே மேல்முறையீட்டு நீதிமன்றம் கேட்க வேண்டிய கேள்விகளை வகுத்துவிட்டது: எவ்வளவு நேரம் பார்த்தார், எவ்வளவு தூரம், வெளிச்சம் எப்படி, இடையில் மறைப்பு உண்டா, முன்பே தெரிந்தவரா, முதலில் சொன்ன அடையாளம் ஆளோடு பொருந்துகிறதா. நம் உச்ச நீதிமன்றமும் 1979-ல் கண்ணன் வழக்கில், முன்பின் தெரியாதவரை அணிவகுப்பே இல்லாமல் முதன்முறையாக நீதிமன்றத்தில் அடையாளம் காட்டினால் அதற்கு மதிப்பில்லை என்றது. 2003-ல் மல்கான்சிங் வழக்கில், அணிவகுப்பு நடத்தாததாலேயே நீதிமன்றத்தில் காட்டும் அடையாளம் செல்லாததாகிவிடாது, எவ்வளவு எடை தருவது என்பது வழக்கைப் பொறுத்தது என்றது. தெரிந்த ஆளை மங்கிய வெளிச்சத்தில் நடையையும் உருவத்தையும் வைத்தே கண்டுகொள்ளலாம் என்பதும் சரிதான். எல்லா சாட்சியையும் சந்தேகப்படச் சொல்லவில்லை. வடிவேலு தேவர் வழக்கில் 1957-ல் சாட்சிகளை மூன்றாகப் பிரித்தார்கள்: முழுதும் நம்பத்தக்கவர், அறவே நம்பத்தகாதவர், இரண்டிலும் சேராதவர். சங்கடம் என்னவென்றால், மனமறிந்து பொய் சொல்லாத ஆனால் தவறிப்போன சாட்சி பார்வைக்கு முதல் வகையாகவே தெரிவார்.

எங்கள் வழக்கில் வழக்கம்போல மின்வாரியப் பொறியாளரும் சாட்சி. அன்றிரவு மின்சாரம் இருந்தது என்றார். விசாரணை நீதிமன்றம் அதோடு வெளிச்சத்தை ஏற்றுக்கொண்டது. மாதிரி வரைபடத்தில் தெருவிளக்கு ஒரு சிறு வட்டம். அந்த வட்டத்தையும், தம்பி நின்ற வாசலையும், பிணம் கிடந்த இடத்தையும் கோடு போட்டு இணைத்துப் பார்த்தேன். விளக்கு வெட்டியவர்களுக்குப் பின்னால் இருந்தது. சாட்சியைப் பார்த்து நின்ற முகங்கள் நிழலில். விளக்கு எரிந்ததா என்று எல்லோரும் கேட்டார்கள். வெளிச்சம் யார் முகத்தில் விழுந்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

இரு நீதிபதிகள் அமர்வில் வரைபடத்தையும் புகாரையும் தழும்பையும் வைத்துத்தான் வாதாடினேன். அரிவாளைக் கைப்பற்றிய மகஜரில் கையெழுத்திட்ட சாட்சி ஏற்கெனவே அரசுத் தரப்பைக் கைவிட்டுப் பிறழ்ந்திருந்தார், வேறு ஆதாரமும் இல்லை. சந்தேகத்தின் பலன் எதிரிகளுக்குக் கிடைத்தது, விடுதலையானார்கள். அந்தக் குடும்பத்துக்கு இது நியாயமா என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. தவறான ஆள் உள்ளே இருக்கும்வரை சரியான ஆளை யாரும் தேடுவதில்லை. அந்தக் குடும்பத்துக்கு நடந்த அநியாயம் அங்கேயே தொடங்கிவிட்டது.

அணிவகுப்பு நடவடிக்கைக் குறிப்பைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆதங்கம்தான். யார் யார் எந்த இடத்தில் நின்றார்கள், சாட்சி யாரைத் தொட்டுக் காட்டினார் என்பதெல்லாம் ஒழுங்காக இருக்கும். காட்ட எவ்வளவு நேரம் எடுத்தார், என்ன வார்த்தை சொன்னார், தயங்கினாரா என்பது இருக்காது. அடையாளம் காட்டுபவர் மாற்றுத்திறனாளி என்றால் ஒலி-ஒளிப் பதிவு வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய நாகரிக் சுரக்ஷா சட்டத்தின் 54-வது பிரிவு. அதை எல்லா சாட்சிக்கும் விரிக்க வேண்டும். அப்படி ஒரு பதிவு இருந்திருந்தால், அந்தத் தம்பி அன்று சிறைக்குள் எந்த அளவு உறுதியாக இருந்தார் என்பதை நானும் அரசு வழக்கறிஞரும் ஊகித்து வாதாடியிருக்க வேண்டியதில்லை.