குதிரைவாலி தூற்ற மின்விசிறி ஒருவழியாகப் படிந்தது

குதிரைவாலிச் சிறுதானியத்தை மின்விசிறியில் ஒழுங்காகத் தூற்றிவிட்டேன். வாடைக்காற்று நின்று நிதானமாக வீசினால் இந்தப் பாடே வேண்டாம். ஆனால் எங்கள் பேரையூர்ப் பக்கத்துக் கரிசலில் புரட்டாசியில் விதைத்தது தையில் களத்துக்கு வரும்போது காற்று பெரும்பாலும் படுத்துவிடுகிறது.

அறுப்பு வழக்கம்போலத்தான். எம்.டி.யு. 1 ரகம் 95 முதல் 100 நாளில் வந்துவிடும். பனி உலர்வதற்குள் அறுத்தோம். வெயில் ஏறினால் முற்றிய கதிர் கை பட்டதும் உதிரும். ஆட்களிடம் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன்: தரையிலிருந்து ஒரு சாண் விட்டு அறுங்கள், பிடுங்காதீர்கள். வேரோடு வரும் கரிசல் கட்டி, களத்தில் கதிரடிக்க ஓட்டும் டிராக்டர் சக்கரத்தில் உடைந்து மணியின் அளவுக்கே உருண்டையாகிவிடும். பிறகு எந்தக் காற்றும் அதைப் பிரிக்காது.

அறுவடை இயந்திரத்தைக் கூப்பிடலாமே என்றார் சித்தப்பா. சென்ற ஆண்டு வந்த வண்டி, நெல்லுக்கு வைத்த காற்றைக் குறைக்காமலே ஓட்டி, தட்டையோடு தானியத்தையும் பின்னால் துப்பிவிட்டுப் போனது. வாடகையை மட்டும் குறையாமல் வாங்கிக்கொண்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

விசிறிக்கு வருகிறேன். அதன் காற்று நேராக வருவதில்லை, சுழன்று வருகிறது. விழும் தானியத்தை ஒரு பக்கம் தூக்கும், மறுபக்கம் அமுக்கும். தள்ளி வைத்தால் சண்டு, அதாவது தட்டைத் தூள், போகாது. கிட்டே வைத்தால் மணியும் சேர்ந்து பறக்கும். ஆயிரம் நெல்மணி 15 முதல் 25 கிராம் வரை நிற்கும். ஆயிரம் குதிரைவாலி மணி 3 கிராமை ஒட்டித்தான். நெல்லுக்குச் சரியான காற்று இதற்குப் புயல்.

ஆழ்துளைக் கிணற்று வேலையில் மிஞ்சிய பிவிசி குழாயைச் சாண் நீளத் துண்டுகளாக அறுத்தேன். தக்காளி கிரேட் ஒன்றின் அடியை வெட்டி எடுத்துவிட்டு, துண்டுகளை அதற்குள் நெருக்கி அடுக்கி விசிறிக்கு முன் நிறுத்தினேன். சுழற்சி அடங்கிவிட்டது. முக்கால் அங்குலக் குழாய்தான் சரி. பெரிய குழாயில் சுழற்சி மிச்சமிருக்கிறது. அரை அங்குலத்தில் வேகம் செத்துவிடுகிறது. முக்காலி மேல் நின்று சுளகை (முறத்தை) ஆட்டி மெல்லிய தாரையாக விட்டால், மணி கிட்டத்திலேயே விழுகிறது, கருக்காய் (உள்ளே பருப்பில்லாத மணி) அதைத் தாண்டி, சண்டும் தூசும் தார்ப்பாயின் விளிம்பில். "நல்ல காற்றில் விழுகிற மாதிரியே விழுகிறதேடா" என்றாள் அப்பத்தா. அவள் லேசில் பாராட்டுகிறவள் இல்லை.

எஞ்சிய மண் உருண்டைக்கு மட்டும் அவள் கைதான் வேண்டும். சுளகைச் சற்றே சாய்த்து இடவலமாகக் கொழிக்கிறாள்; மணி முன்வாய்க்கு நகர்கிறது, கனத்த உருண்டை பின்னால் தங்குகிறது. எனக்கு இன்னும் அது வசப்படவில்லை.

அவள் பனையோலைச் சுளகைத்தான் தொடுவாள். மூங்கில் சுளகின் இடுக்கில் குதிரைவாலி புகுந்துகொள்ளும். ஊறவைத்த காகிதத்தை வெந்தயத்தோடு அரைத்துப் பூசிப் பார்த்தோம். இடுக்கு அடைந்தது, கனம் கூடிவிட்டது. நல்ல ஓலைச் சுளகு முடைகிறவர்கள் இந்தப் பக்கம் அருகிவிட்டதால், ராமநாதபுரம் போகும் உறவினரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். 2018இல் படைப்புழு வந்து மக்காச்சோளத்தைக் குலைத்த பிறகு குதிரைவாலிக்குத் திரும்பியவர்களில் நாங்களும் உண்டு. பயிர் திரும்பி வந்த அளவுக்கு அதற்கான சாமான்கள் திரும்பி வரவில்லை என்பது என் வருத்தம்.

தானியம் இன்னும் காய்கிறது. ஈரம் 12 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். நெல் ஆலையின் ரப்பர் உருளை இதற்கு ஆகாது; மணி உருண்டை, உமியும் இறுக ஒட்டியது. மோதி உடைக்கும் இயந்திரம் வைத்திருப்பவரிடம் நாள் கேட்டிருக்கிறேன். அதற்குள் கிரேட்டுக்கு இரும்புச் சட்டமும், சுளகுக்குப் பதிலாக மேலே ஒரு தகரப் புனலும் பொருத்திவிட ஆசை. பட்டறைக்காரர் புனல் வாயின் அளவைக் கேட்கிறார். அடுத்த பட்டத்தில் வரகும் தினையும் போடுவதால், வாயைத் திருகிக் கூட்டிக் குறைக்கும்படி செய்யச் சொல்லப் போகிறேன்.