செல்லைக் கொன்றது மருந்தா, அதைச் சுமந்த கொழுப்பா?

பிஹெச்டியின் இரண்டாம் வருடம், கணையப் புற்றுநோய் செல்களுக்குள் மைக்ரோஆர்என்ஏ செலுத்திப் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. மைக்ரோஆர்என்ஏ ஏறத்தாழ 22 எழுத்து நீளமுள்ள ஆர்என்ஏ துணுக்கு. புரதம் செய்யக் கட்டளை சுமந்து போகும் தூது ஆர்என்ஏவை வழிமறித்து முடக்கிவிடும். ஒரே துணுக்கு பல தூதுகளை மறிக்கும் என்பதால்தான் அதன்மேல் எல்லோருக்கும் ஆசை. கணையப் புற்றுநோய் ஒரு கதவை அடைத்தால் இன்னொரு கதவு வழியாகத் தப்புகிற ஜாதி.

எனக்குக் கொடுத்தது மிர்-34ஏ. பி53 என்ற காவல்காரப் புரதம் கூப்பிட்டால் வருவது அது. வந்தால், செல்லைச் சாகவிடாமல் காக்கும் பிசிஎல்-2 போன்ற புரதங்களைக் குறைக்கும். நான் வளர்த்த பாங்க்-1, மியா பாக்கா-2 இரண்டு வகை செல்களிலும் பி53 பழுது. கூப்பிட ஆளில்லை, நாமே கொண்டுபோய் விடுவோம் என்பதுதான் கணக்கு.

செயற்கை மிர்-34ஏ (லேபில் மிமிக் என்போம்) வந்த அன்று குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். காலி! மூடியைத் திருகப் போனவளைச் சீனியர் அக்கா பிடித்துக்கொண்டார். "ஏய், திறக்காதே! முதல்ல ஸ்பின் பண்ணு." உள்ளே இருந்தது 5 நானோமோல், காய்ந்த படலமாக. கண்ணுக்குத் தெரியாது. சுற்றி அடியில் இறக்காமல் திறந்தால் மூடியோடு போய்விடும். 250 மைக்ரோலிட்டர் நீரில் கரைத்து, சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து மைனஸ் 80-இல் வைத்தேன். விலையை வீட்டில் சொல்லவில்லை.

ஆர்என்ஏவுக்கு எதிர்மின்சுமை, செல் சவ்வின் மேற்பரப்புக்கும் அதே. தானாக உள்ளே போகாது. அதனால் கொழுப்பு ரீயேஜன்டில் பொதிந்து அனுப்ப வேண்டும். பொதிந்தேன். 48 மணி நேரம் கழித்து, செல்கள் வளரும் தட்டின் குழிகளில் எம்டிடி என்ற சாயம் போட்டேன். உயிருள்ள செல் இருக்கும் குழி ஊதாவாகும், செத்தது வெளிறியே இருக்கும். மிமிக் போட்ட வரிசை முழுக்க வெளிறிக் கிடந்தது. அன்றைக்கு எனக்குத் தரையில் கால் பாவவில்லை. தட்டை நாலு கோணத்தில் போட்டோ எடுத்தேன்.

வாராந்தரக் கூட்டத்தில் அக்கா கேட்டது ஒரே கேள்வி: "வெறும் ரீயேஜன்ட் மட்டும் போட்ட வரிசை எங்கே?"

இல்லை. எதுவுமே போடாத செல்களோடு மட்டும்தான் ஒப்பிட்டிருந்தேன். திரும்பச் செய்தபோது வெறும் கொழுப்பு போட்ட வரிசையும் அதே வெளிறல். கொன்றது மருந்தே இல்லை. அந்த நாலு போட்டோவையும் இன்னும் அழிக்கவில்லை, வைத்திருக்கிறேன்.

அடுத்த இரண்டு மாதம் கொழுப்பைக் குறைப்பதிலேயே போயிற்று. செல்களைக் கொஞ்சம் நெருக்கமாக விதைத்தேன், ஆறு மணி நேரத்தில் மீடியத்தை, அதாவது செல்கள் வளரும் ஊட்டத் திரவத்தை, மாற்றினேன். ஒப்பிட்டுப் பார்க்க, எழுத்துகளைக் கலைத்துப்போட்ட ஸ்க்ராம்பிள் துணுக்குக்கும் ஒரு வரிசை ஒதுக்கினேன். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, செல்கள் வளரும் பெட்டிக்கான கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் தீர்ந்து எல்லாம் போனது தனி அழுகை. கடைசியில் ஸ்க்ராம்பிளுக்கும் மிர்-34ஏவுக்கும் இடையே வித்தியாசம் தெரிந்தது. பழைய போட்டோ மாதிரி கண்ணைப் பறிக்கவில்லை. புரத அளவைப் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் பிசிஎல்-2 பட்டை மங்கியிருந்தது, அவ்வளவுதான். மூன்று முறையும் மங்கியிருந்தது.

இதே மிர்-34ஏவை மனிதர்களுக்கும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். எம்ஆர்எக்ஸ்34 என்ற பெயரில், லிப்போசோம் என்ற கொழுப்புக் குமிழில் பொதிந்து, 2013-இல் அமெரிக்காவில் தொடங்கிய முதல் கட்டச் சோதனை. பலவகைப் புற்றுநோய் உள்ள 85 பேர் சேர்ந்தார்கள். சிலருக்கு நோயெதிர்ப்பு மண்டலம் கட்டுக்கடங்காமல் போய், நான்கு பேர் இறந்தார்கள். 2016-இல் நிறுத்திவிட்டார்கள். நான் குழிகளில் பட்டதை வைத்து அந்தக் கட்டுரையைப் படித்தபோது வயிறு கலங்கியது. கணையத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு: கட்டியைச் சுற்றி நார்த்திசு சுவர் எழுப்பியதுபோல் இறுகிக் கிடக்கும். சாதாரணக் கீமோவே உள்ளே போகத் திணறும். என் தட்டில் அந்தச் சுவர் கிடையாது.

2024 அக்டோபரில் மைக்ரோஆர்என்ஏவைக் கண்டுபிடித்த ஆம்ப்ரோஸுக்கும் ரவ்குனுக்கும் நோபல் அறிவித்த வாரம், ஊரிலிருந்து பக்கத்து வீட்டு அண்ணன் கூப்பிட்டார். அவர் அப்பாவுக்குக் கணையத்தில்தான், கல்லீரலுக்கும் பரவியிருந்தது. "நீ பண்றதுதானேம்மா அது? அப்பாவுக்குப் போட முடியுமா?"

"இல்லண்ணா, அது இன்னும் மருந்தா வரலை" என்றேன். மறுமுனையில் சத்தமே இல்லை. பிறகு, டாக்டரிடம் பிராக்கா மரபணுச் சோதனை பற்றிக் கேட்கச் சொன்னேன். பரம்பரையாக அந்த மரபணுவில் பழுது உள்ளவர்களுக்கு, கீமோவுக்கு நோய் அடங்கி நின்றால், ஓலாபரிப் மாத்திரை இருக்கிறது. கணையப் புற்றுநோய்க்கு 2019-இலேயே அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

"இரும்மா, பேனா எடுத்துக்கறேன்" என்றார். பி, ஆர், சி, ஏ என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். இரண்டு முறை திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார்.