மணல் ஒட்டிய கடல்

நெதர்லாந்தின் ஹேக் நகருக்குக் குடிவந்த முதல் குளிர்காலத்தில் நான்கு மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். பேச ஆளில்லாத அந்த நாட்களில்தான் மியூசியம்கார்ட் வாங்கினேன். வருடச் சந்தா கட்டினால் நாடெங்கும் 400க்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்களைப் பார்க்கலாம். ரெம்ப்ராண்ட், வெர்மீர் போன்ற டச்சு ஓவியர்களின் படங்களெல்லாம் பார்த்தேன். வியப்பு வந்தது, ஒட்டுதல் வரவில்லை.

ஆம்ஸ்டர்டாமில் ஓவியர் வின்சென்ட் வான் கோவின் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தில் அவருடைய புகழ்பெற்ற சூரியகாந்தி ஓவியத்தின் முன்னால்தான் கூட்டம். என்னை நிறுத்தியது அவருடைய வேறு ஓவியம். அகலம் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். 1882ல் வரைந்த ஸ்கேவனிங்கன் கடல். எங்கள் வீட்டிலிருந்து டிராமில் போகிற அதே கடற்கரை! கொந்தளிக்கும் சாம்பல் நிற அலை, ஒரு படகு, ஒரு குதிரை வண்டி, கரையில் சனம். பலத்த காற்றில் அங்கேயே நின்று வரைந்திருக்கிறார். காற்று வாரியடித்த மணல் ஈர வண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சுரண்டி எடுத்தும் சில மணல் துகள்கள் இன்னும் அதில் இருக்கின்றன. 2002ல் திருடுபோய் 2016ல் இத்தாலியில் மீட்கப்பட்ட ஓவியம் இது.

நான் காசிமேட்டுப் பெண். கடல் கொந்தளிக்கும்போது கரையில் நிற்பவர்களின் நிற்பு எனக்குத் தெரியும். பக்கத்தில் இருப்பவரைக்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். முகமே இல்லாத சிறு சிறு தீற்றல்களில் அந்த நிற்பைக் கொண்டுவந்துவிட்டார் வின்சென்ட். அன்றிலிருந்து அவர் என் ஓவியர்.

1888ல் பிரான்சின் தென்கோடிக் கடற்கரையில் பார்த்த மீன்பிடிப் படகுகளையும் வரைந்திருக்கிறார். சிவப்பும் பச்சையும் நீலமுமாகக் கரையேற்றி வைத்த படகுகள். இந்த முறை விடுப்பில் ஊருக்கு வந்தபோது, துறைமுகத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த சித்தப்பாவிடம் போனில் காட்டினேன். விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“நம்ம போட்டு மாதிரியே பேரு எழுதிக்கீறான் பாரு. ஆமா, தொழிலுக்குப் போற போட்ட எப்டிம்மா நிக்கவெச்சு வரைஞ்சான்?”

சரியான கேள்வி. படகுகள் விடிகாலையிலேயே கடலுக்குப் போய்விடும், வண்ணம் தீட்ட நேரம் கிடைக்காது. அதனால் கரையில் கோட்டோவியம் மட்டும் போட்டுக்கொண்டு, அப்போது தங்கியிருந்த ஆர்ல் ஊருக்குத் திரும்பித்தான் ஓவியமாக்கினார். சொன்னதும், “அப்ப தொழில் தெரிஞ்ச ஆளுதான்” என்று அடுத்த படத்தைக் கேட்டார் சித்தப்பா.

இரண்டு ஓவியங்களுமே ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்துக்குச் சொந்தமானவை. போகிறவர்கள் முன்கூட்டியே இணையத்தில் நேரம் குறித்து டிக்கெட் எடுத்துவிடுங்கள், வாசலில் கிடைக்காது. சூரியகாந்தியைப் பார்த்த கையோடு திரும்பிவிடாமல் அந்தச் சின்னக் கடல் முன்னாலும் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.