பொண்டாட்டியோட முதல் ஜாயிண்ட் ரிட்டர்னும் மாமனார் போட்ட எஃப்டியும்

கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆன பொண்டாட்டிகிட்ட "உன் பேர்ல எந்தெந்த பேங்க்ல எவ்வளவு இருக்கு, ஸ்டேட்மெண்ட் எல்லாம் எடுத்துக் குடு"ன்னு கேட்டுப் பாருங்க, மூஞ்சி எப்படிப் போகுதுன்னு தெரியும். 2024 பிப்ரவரியில ஒரு சனிக்கிழமை காலையில, அவ தோசை ஊத்திட்டு இருக்கறப்ப நான் கேட்டேன். கரண்டிய கீழ வச்சுட்டு "எதுக்கு?"ன்னா. டாக்ஸ் ஃபைல் பண்ணணும்னேன். "எனக்குத்தான் இங்க வேலையே இல்லையே?" அந்தக் கேள்விக்கு முழுசா பதில் சொல்லி முடிக்க ஆகஸ்ட் வரைக்கும் ஆச்சு.

நாங்க இருக்கறது டெக்சாஸ்ல, டாலஸ் பக்கம் இர்விங். நான் 2019-லேர்ந்து எச்1பி வேலை விசாவுல. 2023 பிப்ரவரியில கல்யாணம், அவ சென்னையில ஓஎம்ஆர் பக்கம் ஒரு கம்பெனியில ஏப்ரல் கடைசி வரைக்கும் வேலை பாத்துட்டு மே 14 இங்க வந்து இறங்கினா, எச்1பிக்காரங்க குடும்பத்துக்குக் குடுக்கற எச்4 விசாவுல. எனக்கு கிரீன் கார்டுக்காக கம்பெனி போடற ஐ-140 மனு அப்ப அப்ரூவ் ஆகல, அதனால அவளுக்கு வொர்க் பெர்மிட் கிடையாது, வொர்க் பெர்மிட் இல்லன்னா எஸ்எஸ்என், அதாவது சோஷியல் செக்யூரிட்டி நம்பர் கிடையாது, எஸ்எஸ்என் இல்லன்னா ரிட்டர்ன்ல அவ பேருக்குப் பக்கத்துல எழுத நம்பர் இல்ல. அதுக்குத்தான் ஐடிஐஎன்னு ஒண்ணு, டாக்ஸுக்கு மட்டும் ஐஆர்எஸ், அதாவது அமெரிக்க வருமான வரித்துறை, குடுக்கற நம்பர். 9-ல ஆரம்பிக்கும். அத வச்சு வேலைக்கும் போக முடியாது, விசாவுக்கும் அதுக்கும் சம்பந்தமும் கிடையாது.

இவ்வளவு கஷ்டப்பட்டு சேந்து ஃபைல் பண்ணியே ஆகணுமான்னா, கணக்கப் பாருங்க. என் வருமானம் வட்டியெல்லாம் சேத்து 98,000 டாலர்னு வச்சுக்கோங்க. தனியா ஃபைல் பண்ணா 2023-க்கு ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 13,850, டாக்ஸ் 13,800 கிட்ட வருது. கல்யாணமானவன் சிங்கிள்னு போட முடியாது, ஆனா தனியா ஃபைல் பண்றதும் எனக்கு சிங்கிள் கணக்குலதான் முடியுது. சேந்து பண்ணா டிடக்‌ஷன் 27,700, 22 பர்சண்ட் ஸ்லாப்புக்கே போக வேண்டாம், அவளோட இந்தியா சம்பளத்தையும் வட்டியையும் சேத்துக்கிட்டும் டாக்ஸ் 8,500-ஐத் தாண்டல. ஐயாயிரத்துக்கு மேல வித்தியாசம். ஊருக்கு ரெண்டு பேர் போய்ட்டு வர டிக்கெட் காசுக்கு மேல.

முதல்ல தெரிஞ்சவர் ஒருத்தர் சொன்னார்னு ஒரு டாக்ஸ் பிரிப்பேரர்கிட்ட போனேன். 400 டாலர் கேட்டார், சரின்னேன். "பாஸ்போர்ட் காப்பிய நோட்டரி பண்ணிக் குடுங்க, மத்தத நான் பாத்துக்கறேன்"ன்னார். இந்தியா சம்பளத்தப் பத்தி அவர் வாயத் திறக்கல, நான்தான் கேட்டேன், "அதெல்லாம் யாரு பாக்கப் போறா, ஜீரோ போடுங்க"ன்னார். வீட்டுக்கு வந்து ஐடிஐஎன் கேட்டுப் போடற டபிள்யூ-7 ஃபார்மோட இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ உக்காந்து படிச்சா, நோட்டரி காப்பி செல்லாதுன்னு தெளிவா போட்டிருக்கு. ஒரிஜினல் வேணும், இல்லன்னா பாஸ்போர்ட்ட குடுத்த அரசாங்கமே சர்ட்டிஃபை பண்ண காப்பி வேணும். அட்வான்ஸ் ஒண்ணும் குடுக்கல, அதோட அவர விட்டுட்டேன். நோட்டரி விஷயத்துலயே தப்பா சொல்ற ஆளு ஜீரோ போடச் சொன்னத நம்பி, கீழ "பொய் சொன்னா தண்டனை"ன்னு எழுதியிருக்கற இடத்துல ரெண்டு பேரும் கையெழுத்து போடறதாவது!

அந்த ஜீரோ விஷயத்துலதான் நம்ம ஆளுங்க நிறைய பேர் கோட்டை விடறாங்க, அதனால கொஞ்சம் விளக்கமா சொல்றேன். மே 14-லேர்ந்து டிசம்பர் 31 வரைக்கும் எண்ணினா 232 நாள், 183-ஐத் தாண்டிடுச்சு, அதனால வருஷ கடைசியில அவ டாக்ஸ் கணக்குல ரெசிடென்ட். ஆனா வருஷ ஆரம்பத்துல இல்ல. இந்த ரெண்டுங்கெட்டான் நிலைமைக்குப் பேரு டூயல் ஸ்டேட்டஸ், அப்படி இருந்தா ஜாயிண்டா ஃபைல் பண்ண முடியாது. பண்ணணும்னா ரெண்டு பேரும் சேந்து "வருஷம் பூரா ரெசிடென்ட்டாவே எங்கள எடுத்துக்கோங்க"ன்னு ஒரு ஸ்டேட்மெண்ட் எழுதி, பேரு அட்ரஸ் நம்பரெல்லாம் போட்டு, ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு ரிட்டர்னோட வைக்கணும். சட்டத்துல 6013(எச்)னு ஒரு பிரிவு, ஆயுசுக்கு ஒரே தடவைதான் யூஸ் பண்ண முடியும். வருஷம் 183 நாள் தேறாதவங்களுக்கு, அதாவது அக்டோபர் நவம்பர்ல வந்து இறங்கறவங்களுக்கு, பக்கத்துலயே 6013(ஜி). எதுவா இருந்தாலும் வருஷம் பூரா ரெசிடென்ட்னா ஜனவரி 1-லேர்ந்து உலகத்துல எந்த மூலையில சம்பாதிச்சதும் கணக்குல வரும். ஓஎம்ஆர் சம்பளமும் வரும், கும்பகோணத்து பேங்க் வட்டியும் வரும்.

சம்பளத்துல வந்த தலைவலி, இந்தியாவுல வருஷம் ஏப்ரல்-மார்ச், இங்க ஜனவரி-டிசம்பர். ஃபார்ம் 16-ஐ அப்படியே எடுத்துப் போட முடியாது. ஜனவரி, பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் நாலு மாச பேஸ்லிப் தனித்தனியா வேணும், அந்த பேஸ்லிப்பெல்லாம் அவளோட ஆபீஸ் போர்ட்டல்ல இருந்துச்சு, ரிசைன் பண்ணதும் லாகின எடுத்துட்டாங்க. பழைய டீம்ல இருந்த ஃப்ரெண்ட் ஒருத்தி எச்ஆர் பின்னாடி பத்து நாள் அலைஞ்சு வாங்கி வாட்ஸாப்ல அனுப்பினா, அந்தப் பொண்ணுக்கு நாங்க இன்னும் ஒரு ட்ரீட் பாக்கி. மாசம் 65,000, நாலு மாசம் 2,60,000. அந்த வருஷத்துக்கு ஐஆர்எஸ் போட்டிருந்த சராசரி ரேட் டாலருக்கு 82 ரூபா சொச்சம், அதுல வகுத்தா 3,100 டாலர் சொச்சம். இத மறைக்கவா அந்த ஆளு ஜீரோ போடச் சொன்னார்னு சிரிப்பா வந்துச்சு. அங்க ஏற்கனவே பிடிச்ச டிடிஎஸ்-க்கு இங்க ஃபார்ம் 1116-ல கிரெடிட் எடுத்துக்கலாம், சம்பளத்துக்கு ஒண்ணு, வட்டிக்கு ஒண்ணுன்னு ரெண்டு ஃபார்ம். அதுல 200 டாலர் கிட்ட குறைஞ்சுது. மியூச்சுவல் ஃபண்ட் எதுவும் அவகிட்ட இல்ல. இருந்திருந்தா அது தனி ராமாயணம்.

இனிமேதான் எஃப்டி. அவ சேவிங்ஸ் அக்கவுண்ட் ஸ்டேட்மெண்ட்ல கல்யாணத்துக்கு முன்னாடியே ஒரு பெரிய தொகை வெளிய போயிருக்கு, என்னன்னு கேட்டா "அது அப்பா போட்டது, எனக்கு சரியா தெரியாது"ன்னா. மாமனாருக்கு போன் போட்டோம்.

"மாமா, உங்க பொண்ணு பேர்ல டெபாசிட் ஏதாவது இருக்கா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. எந்த மாமனாரா இருந்தாலும் மாப்பிள்ளை இப்படிக் கேட்டா வேற மாதிரிதான நினைப்பார், எனக்கு அந்த நேரம் வரைக்கும் அது தோணவே இல்ல. "எதுக்கு மாப்பிள்ளை கேக்கறீங்க?"ன்னார், குரல் ரொம்ப மரியாதையா மாறிடுச்சு. நான் டாக்ஸ், அமெரிக்கா, ஐஆர்எஸ்னு உளற ஆரம்பிச்சேன். அவ போனப் பிடுங்கி, "அப்பா, இவரு காசு கேக்கல, கணக்கு கேக்கறாரு"ன்னா. அப்புறம்தான் வெளிய வந்துச்சு, 9 லட்சம், அவ பேரு முதல்ல, ரெண்டாவது மாமா பேரு. "என் சம்பாத்தியத்துல என் பொண்ணுக்குப் போட்ட காசு, உங்க கவர்ன்மெண்ட்டுக்கு எதுக்கு மாப்பிள்ளை சொல்லணும்?" நியாயமான கேள்விதான். எஃப்பார்னு ஒண்ணு இருக்கு, வெளிநாட்டு அக்கவுண்ட் எல்லாம் சேத்து வருஷத்துல ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தா ஃபின்சென்ங்கற கவர்ன்மெண்ட் சைட்ல ஆன்லைன்ல சொல்லணும், அதுக்கு டாக்ஸ் கிடையாது, ஆனா சொல்லாம விட்டா அபராதம் பயங்கரம். 9 லட்சம்னா அது ஒண்ணே தாண்டிடும். வட்டி 63,000 ரூபாய்க்கு மட்டும்தான் டாக்ஸ். இத மாமாவுக்குப் புரிய வைக்க ரெண்டு ஞாயித்துக்கிழமை ஆச்சு.

அவளோடது எல்லாம் எக்செல்ல ஏத்தினப்புறம் அவ கேட்டா, "சரி, உங்களோடது எங்க?" எனக்கு மொத்தம் 10,000-க்குக் கீழதான், எஃப்பார் வேண்டாம், ஆனா வெளிநாட்டுல இருக்கறவங்களுக்கான என்ஆர்இ அக்கவுண்ட்டோட வட்டிய வருஷா வருஷம் காட்டறேன், இந்தியாவுல அதுக்கு டாக்ஸ் இல்ல, இங்க உண்டு. அதச் சொல்லி ஸ்டேட்மெண்ட்ட திறந்து காட்டினேன், காட்டியிருக்கவே கூடாது. ஜனவரியில 2 லட்சம் வெளிய போயிருக்கு. "இது யாரு?" காலேஜ் ஃப்ரெண்டுக்குக் கைமாத்து. "திரும்பி வந்துச்சா?" வரல. "நிச்சயத்துக்கு அப்புறம்தான குடுத்திருக்கீங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல." டாக்ஸ் ரிட்டர்ன்ல அதுக்கு ஒரு காலமும் கிடையாது, ஆனா அன்னிக்கு ராத்திரி வரைக்கும் அதுதான் ஓடுச்சு. ஜாயிண்டா கையெழுத்து போட்டா டாக்ஸ் பாக்கிக்கு ரெண்டு பேருமே முழுப் பொறுப்பு, டெட்லைன் தாண்டிட்டா தனித்தனியா மாத்தவும் முடியாது. அதப் படிச்சுட்டு அவ 1040-ஐ, அதாவது ரிட்டர்ன் ஃபார்ம, வரி வரியா என்கூட உக்காந்து பாத்தா. நாலு வருஷமா ஃபைல் பண்ற நானே பாக்காத ஒரு தப்பு, போன வருஷ வட்டி ஒண்ணு விட்டுப் போனத, அவதான் கண்டுபிடிச்சா. அதுக்குத் தனியா 1040-எக்ஸ்னு திருத்தின ரிட்டர்ன் போட்டு 11 டாலர் கட்டினேன்.

பாஸ்போர்ட்ட தபால்ல அனுப்ப எனக்கு மனசு வரல. அவ பாட்டிக்கு உடம்பு சரியில்ல, திடீர்னு கிளம்பணும்னா பாஸ்போர்ட் ஐஆர்எஸ்ஸோட ஆஸ்டின் ஆபீஸ்ல மாட்டிக்கிட்டா என்ன பண்றது. ரெண்டு வழி இருக்கு, ஐஆர்எஸ் அங்கீகரிச்ச ஏஜெண்ட் யாராவது பாஸ்போர்ட்ட நேர்ல பாத்து சர்ட்டிஃபை பண்ணலாம், அதுக்கு ஃபீஸ் உண்டு. இல்லன்னா ஐஆர்எஸ்ஸோட டாக்ஸ்பேயர் அசிஸ்டன்ஸ் சென்டர்ல பாத்துட்டு கையிலயே திருப்பிக் குடுத்துடுவாங்க, அது ஃப்ரீ. எல்லா சென்டர்லயும் இத பண்ண மாட்டாங்க, கேட்டுக்கிட்டுப் போகணும். 844-545-5640-க்கு போன் பண்ணி ஏப்ரல் 3-க்கு அப்பாயிண்ட்மெண்ட் வாங்கினேன். இ-ஃபைல் எல்லாம் இதுக்கு ஆகாது, நம்பரே இல்லையே, மொத்தமும் பேப்பர். மேல டபிள்யூ-7, அதுக்குக் கீழ 1040, ஆபீஸ்ல குடுத்த சம்பளக் கணக்கான என் டபிள்யூ-2, அந்த 6013 ஸ்டேட்மெண்ட். டபிள்யூ-7-ல காரணம்னு ஏ, பி, சின்னு கட்டம் இருக்கும், எங்களுக்கு இ, ரெசிடென்ட்டோட ஸ்பவுஸ். எச்4-னு பாத்ததும் ஜி-ய டிக் பண்ணிடாதீங்க, அது நான்ரெசிடென்ட் விசாக்காரரோட ஸ்பவுஸுக்கு.

அங்க கவுண்டர்ல இருந்தவர் பொறுமையா ஒவ்வொரு பக்கமா பாத்தார், பாஸ்போர்ட்டப் பாத்தார், 1040-ஐப் பாத்தார், திருப்பியும் பாஸ்போர்ட்டப் பாத்தார். டபிள்யூ-7-ல அவ பேரோட அவ அப்பா பேரு, பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே. 1040-ல அவ பேரோட என் பேரு! சாஃப்ட்வேர் மனைவின்னதும் என்னோட லாஸ்ட் நேமையே தானா போட்டிருக்கு, நானும் கவனிக்கல, வரி வரியா நம்பரப் பாத்த அவளும் தன் பேரைப் பாக்கல. இது சேரலன்னா ரிஜெக்ட் ஆக வாய்ப்பு இருக்குன்னு சொல்லி, ஆபீஸ் மூடறதுக்குள்ள மாத்திட்டு வந்தா பாக்கறேன்னார். நடந்து போற தூரத்துல ஒரு லைப்ரரி, அங்க லேப்டாப்ப திறந்து, பேரை மாத்தி, பிரிண்ட் எடுத்து, சில்லறை இல்லாம பக்கத்துல இருந்த பாட்டியம்மாகிட்ட ரெண்டு குவார்ட்டர் வாங்கி, கார் பார்க்கிங் வேற முடியப் போகுது. அவ நின்னுக்கிட்டே புதுப் பக்கத்துல கையெழுத்து போட்டா, அவ கையெழுத்து தமிழ்ல. திரும்பப் போனப்ப அவர் பாஸ்போர்ட்ல இருக்கற தமிழ் கையெழுத்தையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வச்சு கொஞ்ச நேரம் பாத்துட்டு, அழகா இருக்குன்னு சொல்லிட்டு பாஸ்போர்ட்ட திருப்பிக் குடுத்தார். பேப்பரெல்லாம் அவங்களே ஆஸ்டினுக்கு அனுப்பிட்டாங்க.

டாக்ஸ் சீசன்ல 9 வாரத்துலேர்ந்து 11 வாரம்னு அவங்களே சொல்றாங்க, எங்களுக்கு ஜூன் மூணாவது வாரம் சிபி565-னு ஒரு லெட்டர்ல நம்பர் வந்துச்சு. ரீஃபண்ட் ஆகஸ்ட்ல, 5,500 சொச்சம். அதே வாரம் ஆபீஸ்ல சம்பளத்துல டாக்ஸ் பிடிக்கறதுக்கான டபிள்யூ-4 ஃபார்ம்ல சிங்கிள்னு இருந்தத மாத்தினேன், கல்யாணமாகி ஒன்றரை வருஷம் கழிச்சு. பின்னாடி அவளுக்கு எஸ்எஸ்என் வந்தா ஐடிஐஎன்ன கேன்சல் பண்ணச் சொல்லி லெட்டர் எழுதணும், அது அப்போ.

அடுத்த வருஷம் ஐடிஐஎன் இருந்ததால இ-ஃபைல், ஒரு மணி நேரத்துல முடிஞ்சுது, டைப் பண்ணது பூரா அவதான். கைமாத்து வாங்கினவன் இன்னும் தரல, அவ எக்செல்ல அதுக்கு ஒரு வரி வச்சிருக்கா. மாமா 2024 நவம்பர்ல அந்த எஃப்டி மெச்சூர் ஆனதும் மாமியார் பேருக்கு மாத்திட்டு, "இனிமே உங்க கவர்ன்மெண்ட்டுக்குக் கணக்கு சொல்ல வேண்டாம் மாப்பிள்ளை"ன்னு சந்தோஷமா போன் பண்ணார். நவம்பர் வரைக்கும் அவ பேர்ல இருந்ததால 2024-க்கும் எஃப்பார் போட்டாச்சுன்னு அவர்கிட்ட நாங்க இன்னும் சொல்லல.