யார்ன் கியூ கணக்கு: செமஸ்டருக்கும் இன்டர்வியூவுக்கும் நான் படிச்ச விதம்

யார்ன்ங்கிறது ஹடூப் கிளஸ்டர்ல, அதாவது பெரிய டேட்டா வேலைக்குன்னு சேர்த்துக் கட்டுன மெஷின் கூட்டத்துல, எந்த ஜாப்புக்கு எவ்வளவு மெமரி, சிபியூன்னு பங்கு போடுறது, அந்தப் பங்கு முறைதான் ஷெட்யூலர். பிக் டேட்டா பேப்பர்ல ஷெட்யூலர் கேள்வி வந்தா எங்க செட்ல முக்காவாசிப் பேரு எழுதுனது ஒரே மாதிரிதான். ஃபிஃபோ, கெப்பாசிட்டி, ஃபேர்னு மூணு தலைப்பு, ஒவ்வொண்ணுக்கும் நாலு வரி, கெப்பாசிட்டி யாஹூல வந்துச்சு, ஃபேர் ஃபேஸ்புக்ல வந்துச்சு, முடிஞ்சுது. மார்க் விழும், அதை இல்லன்னு சொல்லல. ஆனா இன்டர்வியூல கேக்குறது வேற, "கிளஸ்டர்ல மெமரி சும்மா கிடக்கு, என் ஜாப் ஓட மாட்டேங்குது, ஏன்?" இந்த ஒரு கேள்விய கையில வச்சுக்கிட்டு மொத்த சாப்டரையும் படிங்க, அப்பதான் ஒவ்வொரு செட்டிங்கும் எதுக்கு இருக்குன்னு புரியும்.

முதல்ல கெப்பாசிட்டி ஷெட்யூலர், ஜாப் நிக்கிற ஒவ்வொரு கியூவுக்கும் இத்தனை சதவீதம்னு பிரிக்கிறது, தாளை எடுத்து போட்டுப் பாருங்க. 100 ஜிபி கிளஸ்டர், ரிப்போர்ட் கியூவுக்கு 60, டெஸ்ட் கியூவுக்கு 40. ஒரே லெவல்ல இருக்குற கியூ எல்லாம் சேர்ந்து 100 வரணும், இல்லன்னா ஏத்துக்காது. இப்ப டெஸ்ட்ல ஆளே இல்ல, ரிப்போர்ட்ல நீங்க ஒருத்தர் மட்டும் பெரிய ஜாப் விடுறீங்க, எவ்வளவு கிடைக்கும்? மேக்ஸிமம் கெப்பாசிட்டி, அதாவது ஒரு கியூ தொடக்கூடிய உச்சம், சும்மா விட்டா 100 தானே, அதனால 100 ஜிபின்னு எல்லாரும் சொல்லுவாங்க. கிடைக்கிறது 60தான். யூசர் லிமிட் ஃபேக்டர்னு ஒண்ணு இருக்கு, தானா 1 இருக்கும், ஒரு ஆள் அந்த கியூவோட பங்கை எத்தனை மடங்கு வரைக்கும் எடுக்கலாம்ங்கிறதுதான் அது, 1 இருக்குற வரைக்கும் பக்கத்து கியூ காலியா கிடந்தாலும் உங்களுக்கு 60க்கு மேல தர மாட்டான். 2 ஆக்குனா 120 வருது, மேக்ஸிமம் 100ல நிப்பாட்டிரும். இதையே மாத்தி மாத்தி நம்பர் போட்டுப் பாருங்க. ஒரே கியூவுல பல பேர் வந்தா ஆளுக்குக் குறைஞ்சது எவ்வளவுன்னு சொல்ற மினிமம் யூசர் லிமிட் பெர்சென்ட்டை 25ன்னு வச்சா ரெண்டு பேருன்னா ஆளுக்கு 50 சதவீதம், மூணு பேருன்னா 33, நாலு பேருன்னா 25, அதுக்கு மேல வர்றவங்க காத்துக் கிடக்கணும்.

அடுத்தது லேப்டாப்லயே பாக்கலாம், பெரிய கிளஸ்டர் எல்லாம் வேணாம். ஒரே மெஷின்ல ஹடூப் போட்டு எதையும் மாத்தாம ரெண்டு மேப்ரெட்யூஸ் ஜாப் அடுத்தடுத்து விடுங்க, பிரவுசர்ல 8088 போர்ட்டைத் திறந்து பாருங்க. முதல் ஜாப் ரன்னிங்னு இருக்கும், ரெண்டாவது அக்செப்டட்னே நிக்கும், மெமரி மிச்சம் இருந்தாலும் நகராது. ஜாப் ஒவ்வொண்ணுக்கும் அதை மேய்க்க அப்ளிகேஷன் மாஸ்டர்னு ஒரு கண்டெய்னர், அதாவது ஒதுக்கிக் குடுத்த மெமரித் துண்டு, வேணும், அதுக்குன்னு ஒதுக்குறது 0.1, அதாவது பத்துல ஒரு பங்குதான். 8192 எம்பி மெஷின்ல அது ஒரு ஜிபி கூட சரியா வராது, முதல் ஜாப்பை மட்டும் எப்படியோ உள்ள விட்டுரும். அந்த நம்பரை 0.5 ஆக்கி கியூவை ரிஃப்ரெஷ் பண்ணுனா ரெண்டாவதும் கிளம்பும், பாக்கவே ஜாலியா இருக்கும்.

ப்ரீஎம்ப்ஷன், அதாவது ஓடிக்கிட்டிருக்குறதை நிப்பாட்டி இடத்தைத் திரும்பப் பிடுங்குறது, நம்ம ஊர் பசங்களுக்கு ஈஸி. கல்லணையில காவேரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய்னு பிரிச்சு முறை வச்சு விடுறப்ப, முறை மாறுன உடனே ஷட்டரை இறக்கிருவாங்க, ஓடிக்கிட்டிருந்த தண்ணி நின்னுரும். யார்ன்ல அப்படி இல்ல. டெஸ்ட் கியூக்காரன் திரும்பி வந்து என் 40ஐ குடுன்னாலும், ப்ரீஎம்ப்ஷன் தானா ஆஃப்லதான் இருக்கும், ரிப்போர்ட் கியூவோட கண்டெய்னர் ஒவ்வொண்ணா முடிஞ்சு காலியாகுற வரைக்கும் அவன் நிக்கணும். ஆன் பண்ணி வச்சாலும் முதல்ல நோட்டீஸ் மாதிரி சொல்லிட்டு 15 செகண்ட் விட்டுதான் கில் பண்ணும். கெப்பாசிட்டின்னா எப்பவும் கையில இருக்கும்னு எழுதிராதீங்க, கேட்டா வந்து சேரும்ங்கிறதுதான் சரி.

சிபியூவையும் மெமரியையும் சேத்து கேட்டா டிஆர்எஃப், டாமினன்ட் ரிசோர்ஸ் ஃபேர்னெஸ், ஒவ்வொருத்தரும் அதிகமா இழுக்குற பொருளோட பங்கைச் சமமாக்குறது. பெர்க்லில இருந்து 2011ல வந்த பேப்பர், அதுல இருக்குற கணக்கையே அப்படியே போட்டுப் பழகுங்க. 9 சிபியூ, 18 ஜிபி. முதல் ஆளோட டாஸ்க் ஒண்ணுக்கு 1 சிபியூ 4 ஜிபி, ரெண்டாவது ஆளுக்கு 3 சிபியூ 1 ஜிபி. மொத்தத்துல எத்தனை பங்குன்னு பாத்தா முதல் ஆளுக்கு மெமரிதான் பெருசு, அடுத்தவனுக்கு சிபியூ. முதல் ஆளுக்கு 3 டாஸ்க் குடுத்தா 18ல 12 ஜிபி, அடுத்தவனுக்கு 2 டாஸ்க் குடுத்தா 9ல 6 சிபியூ, ரெண்டு பேருக்கும் மூணுல ரெண்டு பங்கு. சிபியூ தீந்துருச்சு, 4 ஜிபி மிச்சம், அது மிச்சமாவே இருக்கட்டும், தப்பு இல்ல. ஒரு கொசுறு, கெப்பாசிட்டி ஷெட்யூலர் தானா மெமரியை மட்டும்தான் எண்ணும், சிபியூவையும் எண்ணணும்னா டாமினன்ட் ரிசோர்ஸ் கால்குலேட்டரை நாமதான் போடணும். இதைச் சொன்னா எதிர்ல இருக்குறவர் கொஞ்சம் நிமிர்ந்து உக்காருவார்.

ஸ்லர்ம், அதாவது சூப்பர் கம்ப்யூட்டர் கிளஸ்டர்ல ஓடுற ஷெட்யூலர், உங்க சிலபஸ்ல இல்லன்னா அதுல பேக்ஃபில் மட்டும் பாத்துட்டுப் போங்க. முன்னாடி நிக்கிற பெரிய ஜாப் ஆரம்பிக்கிற நேரம் தள்ளிப் போகாதுன்னா, பின்னாடி இருக்குற சின்ன ஜாப்பை இடையில சொருகிரும், அதுக்கு ஜாப் எவ்வளவு நேரம் ஓடும்ங்கிற டைம் லிமிட் தெரியணும், அதனால அரை மணி நேர வேலைக்கு ரெண்டு நாள்னு லிமிட் போட்டு வைக்கிறவன் ஜாப் அந்த சந்துல நுழையவே நுழையாது.