ரோஸ் கலர் மாவுருண்டை

பெரியப்பச்சி பேங்கில் இருந்த காலத்தில் மாதம் ஓர் ஊருக்கு ஆடிட் போவார். ரிட்டையர் ஆனபிறகு மாதம் ஒரு கலைக்குப் போகிறார். ஓமியோபதி ஆயிற்று, மாடித்தோட்டம் ஆயிற்று, இப்போது கொட்டான், அதாவது செட்டிநாட்டுப் பனையோலைக் கூடை. பொழுதுபோக்கு என்று சொல்லிவிட்டால் முகம் சிவந்துவிடும். புவிசார் குறியீடு வாங்கிய கலையாக்கும்! வீட்டில் கொட்டான் முடையத் தெரிந்த கை பெரியாத்தாவுடையது. அவரிடம் மட்டும் கேட்கமாட்டார். யூடியூப்தான் குரு.

ஆனால் மூளைக்குக் குறைச்சல் இல்லை. பனங்குருத்தோலையைக் காயவைத்து, ஈர்க்கை உரித்தபின், இரண்டு சவர பிளேடுகளை 5 மி.மீ. இடைவெளி விட்டுப் பலகையில் பொருத்திவிட்டார். ஓலையை அதில் வைத்து இழுத்தால் எல்லா வாரும் ஒரே அகலம். அகலம் மாறினால் சதுர அடி கோணும். அடி கோணிவிட்டால், மேலே வட்ட வாயை எவ்வளவு நேர்த்தியாக மடக்கிச் செருகினாலும் கொட்டான் ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்கும்.

அப்படியும் முதல் கொட்டான் சல்லடையாகிப் போனது. காய்ந்த ஓலை மடக்கினால் முறியும் என்று கேள்விப்பட்டு, ராத்திரி முழுக்க அண்டாவில் ஊறப்போட்டிருந்தார். ஊறி உப்பின வார் முடையும்போது நெருக்கமாகத்தான் தெரியும். காய்ந்ததும் சுருங்கி, விரல் நுழைகிற சந்து விட்டுவிடும். கொஞ்ச நேரம் நனைத்து, ஈரத்துணியில் சுற்றிவைத்து, வேண்டிய வாரை மட்டும் உருவிக்கொண்டால் போதும். இதைப் பெரியாத்தா அடுப்படியில் நின்று, யாருக்கோ சொல்வதுபோல் சுவரைப் பார்த்துச் சொன்னார். மறுநாள் அதுவே பெரியப்பச்சியின் கண்டுபிடிப்பாக நோட்டில் ஏறியிருந்தது, தேதி, கையெழுத்தோடு.

அடுத்தது சாயம். பொடியைக் கொஞ்சம் வெந்நீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, அப்புறம்தான் கொதிக்கிற அண்டாவில் ஊற்ற வேண்டும். நேரே கொட்டினால் கட்டி கட்டியாய் ஓலையில் புள்ளி விழும். அதெல்லாம் ஒழுங்காகச் செய்தார். வெளியே எடுத்த ஓலையை, தண்ணீர் தெளிவாக வடிகிறவரை அலச வேண்டும் என்பதை மட்டும் விட்டுவிட்டார். அந்த வீடியோ ஓடும்போது யாரோ போன் செய்துவிட்டார்களாம்.

அப்படிப் பிறந்த ரோஸ் கலர் கொட்டானை, உள் ஈரம் காய்வதற்குள், தேவகோட்டைச் சம்பந்தி வீட்டுக்குப் பலகாரம் அனுப்ப எடுத்துக்கொடுத்தார். கடைப் பையில் அனுப்பினால் மரியாதையா என்று ஒரு பிரசங்கம் வேறு. மாவுருண்டைக்குப் பாசிப்பருப்பு மாவில் நெய்யைச் சூடாக ஊற்றி, கை பொறுக்கிற சூட்டிலேயே பிடிக்க வேண்டும். பிடித்த சூடு ஆறுமுன்னே, அடியில் ஓர் இலைகூடப் போடாமல் அடுக்கி மூடியாயிற்று. மூடினால் வேர்க்காதா? நேற்று மத்தியானம் போன் வந்தது.

"ஆச்சி, மாவுருண்டை செக்கச்செவேர்னு இருக்கே, பீட்ரூட் போட்டீகளா?"

முகப்பில் உட்கார்ந்திருந்த பெரியப்பச்சி பேப்பரை மூக்குக்கு மேலே தூக்கிக்கொண்டார்.

பெரியாத்தாவின் மாவுருண்டையைக் குறை சொன்னவர் இந்த வட்டகையில் கிடையாது. மகள் கல்யாணத்தில் சமையல்காரரையே எழுப்பிவிட்டு, தானே உட்கார்ந்து பிடித்தவர். அவர் சொன்னார்: "அதை வாயில வைக்காதீக, அப்படியே கொட்டிருங்க. இந்தத் தடவை என் கைப்பக்குவம் தப்பிப்போச்சு. நாளைக்கு வேற குடுத்து விடுறேன்."

பேப்பர் இறங்கவில்லை. ஆனால் பக்கமும் புரளவில்லை.

சாயங்காலம் யாரும் சொல்லாமலே மிச்ச ஓலையை எல்லாம் வளவு முற்றத்துக்குக் கொண்டுபோய் அலச ஆரம்பித்தார். தண்ணீர் மாற்ற மாற்ற ரோஸ் வந்துகொண்டே இருந்தது. கடைசி அண்டாவைச் சாய்த்தபோது முற்றத்துக்கு ஊற்றியதில் பாதி, பட்டாசாலை ஓரத்து ஆத்தங்குடித் தரைக்கல்லில் போய் நின்றுவிட்டது. சிமெண்டுக் கல் சாயத்தைக் குடிக்காமல் விடுமா? துடைத்தும் போகாத கறையைப் பார்த்துவிட்டு, குளியலறை ஆசிட் பாட்டிலை எடுத்துவந்தார். அது பட்டால் கறையோடு, கண்ணாடியில் வார்த்து வந்த பளபளப்பும் பூவும் சேர்ந்தே அரித்துப்போகும்.

பெரியாத்தா பாட்டிலைப் பிடுங்கி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். "கறை கிடந்துட்டுப் போகுது. ஓலையைக் கொண்டாந்து உக்காருங்க, அடி போடுறதுலேருந்து காட்டுறேன். அந்த நோட்டை மட்டும் உள்ள வச்சிட்டு வாங்க."